நான் மூன்றாவதாக வந்த பந்தயம்

எங்கள் சைக்கிள் கிளப்பில் இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். வங்கி அதிகாரிகள், ஆசிரியர்கள், ஒரு பல் டாக்டர். நான் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறவன். கிளப்பில் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. "எந்த ஊரு?" என்று கேட்டவர்களிடமெல்லாம் பாரோய் என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. பதினோரு வயதிலிருந்து பாரோயில்தான் இருக்கிறேன். அதற்கு முன்னால் இருந்த தோட்டத்தைப் பற்றியும், அங்கே அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரம் சீவியதைப் பற்றியும் நான் வாய் திறந்ததில்லை. யாரும் என்னைத் தாழ்வாக நடத்தியதில்லை. இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

கிளப்பில் எனக்கு நெருக்கம் என்று சொன்னால் பாய் ஒருவர்தான். தெமியாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் மிரட்டியதால் ஐம்பதை நெருங்கும் வயதில் சைக்கிள் ஏறியவர். விடியற்காலையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துவைத்துவிட்டு, கையில் எண்ணெய் வாசனையோடு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு வந்து நிற்பார். ஓட்டம் முடிந்ததும் எல்லாரும் அவர் கடைக்குத்தான் போவோம். மற்றவர்களுக்குக் கடையாள் தேநீர் கொண்டுவருவான், நாங்கள் தே என்போம். எனக்கு மட்டும் பாய் தன் கையால் ஆற்றிக் கொண்டுவருவார். "தம்பிக்கு சீனி கொறைச்சு" என்று சொல்லிக்கொண்டே வைப்பார்.

இரண்டு பேரும் பல பந்தயங்களில் சேர்ந்து ஓட்டியிருக்கிறோம். ஒன்றிலும் பரிசு வாங்கியதில்லை. பாய் ஒருமுறை ஐந்தாவதாக வந்தார். அதைப் பற்றி ஒரு மாதம் பேசினார்.

நான் சொல்ல வந்த பந்தயம் மம்பாவுக்கு அப்பால் ஒரு பள்ளித் திடலில் தொடங்கி அங்கேயே முடிவது. எழுபது கிலோமீட்டர். பக்கத்து ஊர்களின் கிளப் ஆட்கள் ஓட்டும் சின்னப் பந்தயம்தான். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தனியாக மூன்று கோப்பைகள் உண்டு. பாதையின் வரைபடத்தை வாட்சாப்பில் அனுப்பியிருந்தார்கள். பார்த்ததுமே புரிந்துவிட்டது. கடைசிப் பகுதியில் சாலை ஒரு தோட்டத்தைக் குதிரை லாடம் மாதிரி வளைத்துக்கொண்டு போகிறது. நான் பிறந்த தோட்டம் அது. இப்போது ரப்பரும் இல்லை, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களும் இல்லை. முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை.

அன்று பாயின் மனைவியும் வந்திருந்தார். அவர் கணவரின் பந்தயத்தைப் பார்க்க வருவது அதுதான் முதல் தடவை. குடையும் சோறு வைத்த அடுக்குச் சட்டியுமாகத் திடலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "இவரு இந்த வயசுல என்னதான் செய்றாருன்னு பாக்க வந்தேன்" என்று என்னிடம் சிரித்தார்.

ஓட்டம் தொடங்கி அரைமணி நேரத்துக்குள் இளவட்டங்கள் பிய்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வயதுக்காரர்களில் இரண்டு பேர் அவர்களோடு ஒட்டிக்கொண்டார்கள். மீதிப் பேர் பின்னால் ஒரு கூட்டமாக வந்தோம். மூன்றாவது கோப்பை எங்கள் கூட்டத்தில் ஒருவருக்குத்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஓட்டுபவர்களின் எண்களைக் குறித்துக்கொள்ளும் இடம் வழியில் ஒன்றே ஒன்று. அதையும் தாண்டிவிட்டோம். சாலை தோட்டத்தைச் சுற்றத் தொடங்கும் இடத்தில் என் பின்சக்கரம் சீறிக்கொண்டு காற்றை விட்டது.

பாய் திரும்பிப் பார்த்தார். மிதிப்பதை நிறுத்தினார்.

"போங்க பாய்! நிக்காதீங்க, போங்க!" என்று கத்தினேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதுவரை நான் செய்ததில் எந்தக் குறையும் இல்லை. அந்த இடத்தோடு இந்தக் கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டியூபை மாற்ற ஏழெட்டு நிமிடம் ஆனது. பின்னால் வந்தவர்களும் கடந்து போய்விட்டார்கள். வெயில் ஏறிவிட்டது. சாலையைச் சுற்றிப் போனால் பதினோரு கிலோமீட்டர். தோட்டத்துக்குள் போகும் செம்மண் பாதையில் போனால் மூன்று. அந்தப் பாதையின் வாயிலில் லாரிகளைத் தடுக்க ஒரு இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் போகிற அளவுக்கு ஓரத்தில் இடைவெளி இருந்தது. பந்தயம்தான் போய்விட்டதே, குறுக்கே போய்த் திடலில் உட்காரலாம் என்று நினைத்துத்தான் நுழைந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பந்தயத்தை விட்டவன் அவ்வளவு வேகமாக மிதிக்க மாட்டான். செம்மண்ணில் மெல்லிய டயர் வழுக்கி வழுக்கிப் போக, நான் முழு மூச்சோடு மிதித்துக்கொண்டிருந்தேன்.

தார்ச்சாலைக்கு வெளியே வரும் இடத்தில் நின்றேன். சாலை காலியாக இருந்தது. செம்பனை மட்டைகளை அடுக்கிவைத்திருந்த குவியலுக்குப் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன். யாரும் என்னை மறைந்து நிற்கச் சொல்லவில்லை. சக்கரத்தில் அப்பியிருந்த செம்மண்ணைக் கையுறையால் துடைத்தேன். ஒரு நிமிடம் இருக்கும். சங்கிலிகளின் சத்தம் கேட்டது. எங்கள் கூட்டம் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனது. கடைசி ஆள் போனதும் வெளியே வந்தேன். ஏழெட்டு மிதி மிதித்து அவர்களின் வாலைப் பிடித்துக்கொண்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் பாய் பின்னால் பார்த்தார். அவர் கண்கள் விரிந்ததை இப்போதும் நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

"யா அல்லா! தம்பி! எப்படிடா வந்த?"

"வெரட்டிக்கிட்டு வந்தேன் பாய்" என்றேன். சொல்லிவிட்டு, வாயைத் திறந்து நெஞ்சு ஏறி இறங்க மூச்சு வாங்கினேன். எனக்கு அப்படி ஒன்றும் மூச்சு வாங்கவில்லை. பொய் சொன்னதைவிட, அந்த மூச்சை வாங்கிக் காட்டியதுதான் எனக்குப் பெரிய அசிங்கமாகத் தெரிகிறது.

பாய் தன் போத்தலை எடுத்து நீட்டினார். அதில் இரண்டு வாய்த் தண்ணீர்தான் இருந்தது. "குடி. குடிச்சிட்டு என் பின்னாலயே ஒட்டிக்க. காத்த நான் பாத்துக்கிறேன்."

நான் குடித்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். எதிர்க்காற்று முழுவதையும் அந்த மனிதர் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, அவ்வப்போது அக்குள் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டு, பத்து கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போனார்.

திடலுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது பாய் எழுந்து நின்று மிதித்தார். மற்றவர்கள் பின்தங்கினார்கள். மூன்றாவது இடம் அவருடையது. நான் அவர் பின்னாலேயே வந்து நான்காவதாக முடித்திருக்கலாம். அப்படி முடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் கால்களில் பலம் இருந்தது. முடிவுக்கோடு கண்ணில் பட்டது. வலப்பக்கமாக விலகி, அரைச்சக்கர வித்தியாசத்தில் அவரைத் தாண்டிவிட்டேன்.

அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "இவன்தான் லா ஆம்பளை! பஞ்சர் ஆயி, டியூப் மாத்தி, தனியா வெரட்டி வந்து ஜெயிச்சிருக்கான்!" என்று அங்கிருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மேடையில் கோப்பையை வாங்கும்போது கீழே பார்த்தேன். பாயின் மனைவி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலைக்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால் பாய் அந்தக் கதையைப் பக்கத்து மேசைக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு வாரம் கதை வளர்ந்தது. ஏழு நிமிடம் பத்து நிமிடமானது. வெயில் கூடியது. நான் தலையைக் குனிந்து தே குடிப்பேன். "பாத்தீங்களா, பெருமையே கிடையாது" என்பார். கிளப்பில் புதிதாகச் சேர்ந்த நாலைந்து பேரிடம் அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பேசினேன். மனதைத் தளரவிடக்கூடாது என்று பேசினேன்.

வீட்டில் என் மனைவி கோப்பையைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். தூசு தட்டும் சாக்கில் நான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளுவேன். அவள் மறுபடி முன்னால் இழுத்து வைப்பாள்.

எட்டு மாதம் கழித்து இன்னொரு பந்தயம். வேறு பாதை, ஆனால் அதுவும் தோட்டங்களுக்கு நடுவேதான். நாற்பதாவது கிலோமீட்டரில் பாயின் முன்சக்கரம் பஞ்சரானது. நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே கையை வீசினார். "போ தம்பி, போ! இன்னைக்கு என் முறை!"

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு அந்த நொடியே விளங்கியது. விளங்கியும் நான் கூட்டத்தோடு போனேன்.

முடிவிடத்தில் அரைமணி நேரம் காத்திருந்தேன். பிறகு ஆம்புலன்ஸ் புறப்பட்டுப் போவதைப் பார்த்தேன். பாய் டியூபை மாற்றிவிட்டு எங்களைத் தனியாக விரட்டியிருக்கிறார். தோட்டத்து லாரிகள் சாலைக்கு ஏறும் ஒரு வளைவில் சரளை சிதறிக் கிடந்திருக்கிறது. இறக்கத்தில் வந்த வேகத்துக்குப் பிரேக் பிடிக்க முடியவில்லை. காறை எலும்பு முறிந்தது. இரண்டு விலா எலும்புகளில் விரிசல்.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மருந்து மயக்கத்தில் இருந்தாலும் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஒன்ன மாதிரி வந்துரலாம்னு பாத்தேன் தம்பி. முடியல லா."

பக்கத்தில் அவர் மனைவி இருந்தார். அவர் இருக்கிறாரே, இப்போது எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். வாங்கிப் போன பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாவது வாரம், மதியக் கூட்டம் கலைந்த நேரத்தில் கடைக்குப் போனேன். பாய் கையைத் துணியால் கழுத்தோடு தொங்கவிட்டுக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தே ஆற்ற முடியவில்லை, மாவைத் தொட முடியவில்லை என்று புலம்பினார். நான் எதிரே உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அது நான் பிறந்த தோட்டம் என்பதையும் சொன்னேன். மட்டைக் குவியலுக்குப் பின்னால் நின்றதையும் விடவில்லை.

நான் முடித்த பிறகும் பாய் மேசைமேல் இருந்த ஈரத்தை நல்ல கையின் விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ ஒனக்குத் தாகமே இல்ல" என்றார்.

"இல்ல பாய்."

"அது என் கடைசித் தண்ணி தெரியுமா?"

"தெரியும் பாய்."

"எட்டு மாசமா நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இவன் அவ்வளவு தூரம் வெரட்டி வந்து என்னையும் முந்திட்டான், நான் நல்லா இருந்தும் தோத்துட்டேன், எனக்குத்தான் வயசாயிருச்சுன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் அன்னைக்கு அப்படி ஓட்டுனேன்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழுவதற்குக்கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீ போ தம்பி. நான் ஏதாச்சும் சொல்லிரப் போறேன். போ."

அன்று மாலை கிளப்பின் வாட்சாப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். பந்தயம் நடத்தியவர்களுக்கும் எழுதினேன். யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். "சின்ன ரேஸ்தானே லா, விடுங்க" என்று ஒருவர் போட்டார். இரண்டு பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். பல் டாக்டர் மட்டும், புதியவர்களிடம் நான் பேசிய பேச்சை நினைவுபடுத்தி, அவர்களிடமும் நேரில் சொல்லிவிடுங்கள் என்று எழுதினார். சொன்னேன். நடத்தியவர்கள் முடிவைத் திருத்திவிட்டதாகவும், கோப்பையை உரியவரிடம் நானே கொடுத்துவிடலாம் என்றும் பதில் அனுப்பினார்கள்.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்து போய்க் கோப்பையை எடுத்து ஒரு பையில் போட்டுக் கதவோரம் வைத்தாள். "அந்தம்மா அன்னைக்குக் கைதட்டுனாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றாள். அவ்வளவுதான்.

பையைக் கொண்டுபோய்ப் பாயிடம் நீட்டினேன். அவர் உள்ளே பார்த்தார். வெளியே எடுக்கவில்லை.

"அன்னைக்கு மேடையில ஏறியிருந்தா என் பொண்டாட்டி பாத்திருப்பா. இத இப்ப வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயி அவகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

நான் பையை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் பையை வாங்கி மேசைக்கு அடியில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கோப்பையை நான் எங்கும் பார்க்கவில்லை.

அவருக்கு எலும்பு சேர ஐந்து மாதம் ஆனது. இப்போது மறுபடி ஓட்டுகிறார், பழைய வேகம் இல்லை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டத்தில் நான் முன்னால் இருந்தால் அவர் இரண்டு ஆள் தள்ளி வருவார். பகை எதுவும் காட்டுவதில்லை. ரம்ஜானுக்கு எல்லாருக்கும் அனுப்பிய பிரியாணி எங்கள் வீட்டுக்கும் வந்தது. கிளப்பை விட்டுப் போய்விடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். போனால் அவரைப் பார்க்காமல் இருக்கும் வசதிக்காகத்தான் போகிறேன் என்று ஆகிவிடும். அதனால் போகவில்லை.

ஓட்டம் முடிந்து இப்போதும் எல்லாரும் அவர் கடைக்குத்தான் போகிறோம். மேசைக்கு மேசை வந்து விசாரிப்பார். என் பக்கம் வரும்போது துண்டால் மேசையைத் துடைத்தபடி, "என்ன பாஸ், என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்பார். வாடிக்கையாளர்கள் எல்லாரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். நான் தே என்பேன். கடையாள் கொண்டுவந்து வைப்பான். சீனி கூடுதலாக இருக்கும். அப்படியே குடித்துவிட்டு வருவேன்.