மலையில் கேட்ட பூ உத்தரவு

இரண்டு வருடத்துக்கு முன்னால், கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஜவ்வாது மலைமேல் நடந்தது இது. ஜமுனாமரத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் எங்கள் குடும்பம் கும்பிடுகிற அம்மன் இருக்கிறாள். கோயில் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பாறை, அதன் அடியில் மஞ்சள் பூசிய கல், மேலே தகரக் கூரை, பக்கத்தில் ஓர் ஓடை. மனசு முடிவெடுக்கத் தயங்கும் காரியம் எதுவானாலும் அங்கே போய்ப் பூ கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி இலையில் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். விஷயம் தெரியாத யாரையாவது கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும்.

நாங்கள் கேட்கப் போனது என் தங்கையின் கல்யாணத்துக்கு. இரண்டாவது கல்யாணம்.

அவள் புருஷன் கல்யாணமான இரண்டாம் வருடமே பைக் விபத்தில் போய்விட்டார். அதன்பின் நாலு வருடம் அம்மா வீட்டில்தான் இருந்தாள். போளூரில் ஒரு தனியார் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். வேலைக்குப் போவாள், வருவாள், சாப்பிடுவாள், படுப்பாள். நான் கண்ணமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் போன் செய்வேன். "ம்", "சரிக்கா" என்பதைத் தாண்டி அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது பெரும்பாடு.

அந்த வருடம் ஐப்பசியில் ஒருநாள் அவளே போன் செய்தாள். சிரித்துக்கொண்டே பேசினாள். பள்ளியில் ஹாலோவீன் கொண்டாடச் சொன்னார்களாம். கறுப்பு சார்ட் வெட்டி வௌவால், வெள்ளைத் துணியில் பேய், பரங்கிக்காயைக் குடைந்து கண்ணும் பல்லும் வைத்து உள்ளே விளக்கு. டிராயிங் மாஸ்டரும் இவளும்தான் அதற்குப் பொறுப்பு. அவர் கட்டடங்களுக்குத் திருஷ்டிப் பூசணியில் முகம் வரைந்து பழகிய கை. ஒரு பரங்கிக்காய்க்கு முறுக்கு மீசை வைத்துவிட்டாராம். பிள்ளைகள் பயப்படுவதற்குப் பதிலாக அதற்கு சல்யூட் அடித்தார்களாம்.

"ஹாலோவீன்னா இன்னாடி?" என்று கேட்டேன்.

"செத்துப்போனவங்க வந்து பாத்துட்டுப் போற நாளாங்க்கா" என்றாள். பிறகு மெதுவாக, "அவரு வந்தார்னா நான் சிரிச்சிக்கினு இருக்கறதயே பாத்துட்டுப் போவட்டும்" என்றாள்.

அன்றைக்குத் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டில் ஒரு கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்த மாஸ்டர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். நல்ல மனுஷர்கள். தங்கைக்கும் சம்மதம். ஆனால் எங்கள் வீட்டில் பெரியப்பா சொல்தான் கடைசி. எனக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்ததிலிருந்து எங்களைத் தாங்கியவர் அவர். தங்கை அப்போது கைக்குழந்தை. அம்மாவுக்கு இருபத்தெட்டு வயது.

"நம்ம குடும்பத்துல இல்லாத வழக்கம்மா இது. நாளைக்கு நாலு பேரு என்னைத்தான் நிக்க வெச்சிக் கேப்பாங்க" என்றார் பெரியப்பா.

அம்மா மகளுக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். அவள் சொன்னது வேறு.

"மலைக்குப் போய்ப் பூ கேக்கலாம் மாமா. வெள்ள வந்தா சரி. செகப்பு வந்தா இந்தப் பேச்சே வேணாம்."

பெரியப்பா ஒத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சமையல்கட்டுக்குள் போய், "ஒரு பூவ நம்பி அவ வாழ்க்கைய வெப்பியா? நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா அடுப்பில் இருந்த பாலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்நெஞ்சு என்று மனசுக்குள் திட்டினேன். தங்கை மட்டும் ராத்திரி படுக்கும்போது, "செகப்பு வந்தா அவர்கிட்ட நான் இன்னான்னு சொல்றது?" என்று கேட்டாள். அந்த நிமிடமே முடிவு செய்தேன். சிவப்பு வர விடுவதில்லை.

வாடகை வண்டியில் நாலு பேரும் விடியலில் கிளம்பினோம். என் கைப்பைக்குள் ஈரத்துணியில் சுற்றிய ஒரு பிடி வெள்ளை நந்தியாவட்டைப் பூ இருந்தது. யாருக்கும் தெரியாது. வண்டி வளைவுகளில் ஏற ஏறப் பனி கூடிக்கொண்டே வந்தது. மேலே போய் இறங்கியபோது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சாமைக் கொல்லை, மரங்கள், வந்த பாதை எல்லாம் யாரோ பஞ்சை விரித்து மூடியதுபோல மறைந்துபோயிருந்தன. எங்கோ மாட்டு மணி ஒன்று கேட்டது. மாடு தெரியவில்லை. தகரக் கூரையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

பூசாரி, "பூவக் கட்டறது வூட்டுப் பெரிய பொம்பளதான். கூட யாரும் போவக்கூடாது" என்றார். அம்மா வாழையிலையும் நாரும் இரண்டு நிறப் பூவும் எடுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்து ஒரே மாதிரி இரண்டு பொட்டலத்தை அம்மன் காலடியில் வைத்தாள். இனி எடுப்பதற்கு ஆள் வேண்டும். "பாதையில மொதல்ல வர்றது யாரா இருந்தாலும் அவங்கதான்" என்று சொல்லிவிட்டுப் பூசாரி குடத்தோடு ஓடைக்குப் போனார். அம்மாவும் கைகழுவப் போனாள். பெரியப்பா பாதை ஓரத்தில் போய் நின்றார். தங்கை ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கூரைக்கு அடியில் நானும் அம்மனும்தான். ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளை. சரி, மாற்ற வேண்டியது இன்னொன்று என்று அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைப் பிரித்தேன்.

அதுவும் வெள்ளை.

முதலில் எனக்குப் புரியவில்லை. அம்மா பதற்றத்தில் தப்பாகக் கட்டிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. கண்ணை மறைத்துக்கொண்டு நீர் வந்துவிட்டது. சமையல்கட்டில் நான் கேட்ட கேள்வி ஞாபகம் வந்து உடம்பெல்லாம் கூசியது. அவசர அவசரமாகப் பொட்டலங்களைத் திரும்பக் கட்டப் பார்த்தேன். வருஷக்கணக்காக ஊசி நூல் பிடித்த கைக்கு, அன்றைக்கு ஒரு வாழைநாரை முடிச்சுப் போட வரவில்லை. நார் அறுந்தது.

பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். அம்மா.

என் மடியில் விரிந்து கிடந்த இலையைப் பார்த்தாள். என் கைப்பையில் இருந்து எட்டிப்பார்த்த நந்தியாவட்டையையும் பார்த்தாள். ஏதாவது கேட்பாள், இல்லை அழுவாள் என்று நினைத்தேன். ஈரக் கையால் என்னிடமிருந்து நாரை வாங்கினாள்.

"நாரக் கொஞ்சம் நனச்சிக்கினு இழுக்கணும். இல்லன்னா இப்படித்தான் அறுந்துபூடும்" என்றாள். அவ்வளவுதான். இரண்டையும் கட்டி முன்பு இருந்த இடத்திலேயே வைத்தாள். நான் கொண்டுவந்த பூவையும் எடுத்து அம்மன் தலையில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. பிறகு பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு சாமைக் கதிர்க்கட்டு மட்டும் மிதந்து வருவதுபோலத் தெரிந்தது. கிட்டே வந்த பிறகுதான் அதற்குக் கீழே ஒரு பெண் இருப்பது தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். பூசாரி சொன்னதும் கட்டை இறக்கி வைத்துவிட்டு, கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்துக்கொண்டு, யோசிக்காமல் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

பூசாரி பிரித்தார். "உத்தரவு ஆயிடுச்சு" என்றார்.

தங்கை அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பெண், "யாருக்குங்க நல்லது? இந்தப் பொண்ணுக்கா?" என்று கேட்டு, அவள் தலையில் கைவைத்து, "நல்லா இரு தாயி" என்றாள். கட்டைத் தூக்கிக்கொண்டு, வந்தபடியே பனிக்குள் போய்விட்டாள். இன்றைக்கு எதிரில் வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது.

"எடுக்காத பொட்டலத்தப் பிரிக்காம ஓடையில உட்ரணும்" என்றார் பூசாரி.

"குடுங்க, நான் உட்டுட்டு வர்றேன்" என்று பெரியப்பா கையை நீட்டினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. பெரியப்பா பொட்டலத்தோடு இறங்கிப் போனார். நானும் கால் கழுவுகிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

ஓடை ஓரத்தில் நின்றவர் நாரை அவிழ்த்தார். இலையை விரித்தார். குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. இத்தோடு எல்லாம் முடிந்தது, அம்மாவை இங்கேயே நிற்கவைத்துக் கேட்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் பூவை ஒரு கையில் அள்ளித் தண்ணீரில் தூவினார். வெள்ளைப் பூக்கள் கல்லுக்குக் கல் மோதிச் சுழன்று போயின. அவை பனியில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்துவிட்டார்.

கோபப்படவில்லை.

"உங்கம்மா தனியாவும்போது அவளுக்கு உன் தங்கச்சியவிடச் சின்ன வயசு. அப்ப யாரும் மலைக்கு வந்து பூ கேக்கல. எனக்கும் தோணல" என்றார். அப்புறம், "வா, பசிக்குது. வண்டிய எடுக்கச் சொல்லு" என்று முன்னால் நடந்தார்.

கீழே இறங்கும்போது, வண்டியில் சிக்னல் கிடைத்த இடத்திலெல்லாம் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். "அம்மா உத்தரவு குடுத்துட்டா. இனிமே யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று அவர் சத்தமாகச் சொல்ல, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா இடுப்பில் செருகியிருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதிலிருந்த செவ்வரளிப் பூக்களை, ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்றிரண்டாக, ஜன்னல் வழியே வெளியே விட்டுக்கொண்டே வந்தாள். தங்கை என் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இப்போது தங்கை மாசமாக இருக்கிறாள். அன்றைக்கு மலையில் தனக்குத் தெய்வமே வாக்குக் கொடுத்தது என்று நம்புகிறாள். அவள் நம்பிக்கையில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. அம்மா செய்தது பெரியப்பாவுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அம்மாவிடம் அன்றைக்குக் கேட்ட வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க இரண்டுமுறை வாயெடுத்தேன். இரண்டுமுறையும் அவள் சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

இப்போதெல்லாம் யாராவது ஒரு வழக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பிடிவாதமாக நின்றால், அவர்களோடு சண்டைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன். அந்தப் பிடிவாதத்துக்குள்ளே, எனக்குத் தெரியாமல், ஒரு நல்ல மனசு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.