ஹா-ஹாவைப் பார்த்துப் போ

மெல்பேர்னில் பன்னிரண்டு வருடமாகத் தோட்ட வேலை செய்கிறேன். படகில் வந்த ஆள். விசா இன்னும் தற்காலிகம்தான். வேலையில் பயந்துபோய் நான் தரையில் குந்தியது ஒரேயொரு நாள்.

நகரத்துக்கு வெளியே, இங்கிலாந்துப் பிரபுக்களின் வீட்டைப் பார்த்து அச்சொட்டாகக் கட்டிய பழைய மாளிகை அது. வாசலில் நின்றால் புல்வெளி வேலியே இல்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம் இறங்கிப் போகும். செம்மறிகளும் அதே புல்லில் மேய்வது போலிருக்கும். ஊரில் பத்துப் பரப்புக் காணிக்கே எல்லைச் சண்டை பிடித்த ஆட்கள் நாங்கள். வேலியில்லாத காணியைக் கண்டு வாயைப் பிளந்தேன்.

அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தலைமைத் தோட்டக்காரி மார்கரெட் எனக்குப் பகி ஓட்டக் காட்டினார். பார்வையாளரை ஏற்றித் திரியும் பேட்டரி வண்டிதான் பகி. கடைசியில், “மைண்ட் த ஹா-ஹா, ஓகே?” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. வெள்ளைக்காரர் பகிடி விட்டால் முகம் அசையாது என்று கூட்டாளிமார் சொல்லியிருந்தார்கள். நானும் மரியாதைக்குப் பெரிதாகச் சிரித்து வைத்தேன்.

“யூ நோ இட்?” என்று கேட்டார்.

“யெஸ், யெஸ்.”

விளங்காததற்கு யெஸ் சொல்வதில் என்னை அடிக்க ஆளில்லை.

அந்தச் சனிக்கிழமை மெல்பேர்னின் கிளென் வேவர்லியிலிருந்து முழங்கால் ஏலாத ஒரு தமிழ் அன்ரி மகளோடு வந்தார். மகள் மாளிகைக்குள் போய்விட, அவரைப் பகியில் என் பக்கத்தில் ஏற்றினேன்.

“தம்பி, அந்த ஆடுகளைக் கிட்டப் போய்ப் பாப்பமே?”

“ஓம் அன்ரி, அதுக்கென்ன.”

பாதையை விட்டுப் புல்லில் நேரே விட்டேன். ஆடுகள் கிட்ட வந்தன. சட்டென்று முன்னால் நிலத்தைக் காணவில்லை! பிரேக்கை மிதித்தேன். வண்டி இழுபட்டுப் போய், ஒரு முன்சில்லு அந்தரத்தில் தொங்க நின்றது. கீழே ஆளுயரத்துக்கு மேல் செங்குத்தான கல் மதில்.

“அன்ரி, பதறாதேங்கோ. மெல்ல இறங்குங்கோ.”

அவர் இறங்கியபின் நான் புல்லில் குந்திவிட்டேன். மார்கரெட் ஓடி வந்தார்.

“ஐ டோல்ட் யூ அபவுட் த ஹா-ஹா!”

அப்போதுதான் உறைத்தது. ஆடும் ஏறக்கூடாது, வீட்டிலிருந்து பார்த்தால் வேலியும் தெரியக்கூடாது என்று பள்ளத்துக்குள் மறைத்துக் கட்டும் மதிலுக்குப் பெயரே ஹா-ஹா!

அன்ரி என் காதுக்குள் சொன்னார்: “பிரேக் பிடிக்கேல்லை எண்டு சொல்லும், தம்பி. வேலை போயிடும்.”

வேலை போனால் என் கதி என்ன? ஆனால் பிரேக் பிடித்தபடியால்தான் அவர் உயிரோடு நிற்கிறார். அந்தப் பொய் எனக்கு வாயில் வரவில்லை. அந்தச் சொல்லே தெரியாது, பகிடி என்று நினைத்தேன் என்று மார்கரெட்டிடம் ஒப்புக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போனது. திங்கட்கிழமை, பகி ஓட்டும் மற்ற ஆறு பேரையும் கூப்பிட்டு, ஹா-ஹா என்றால் என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்டார். இரண்டு பேருக்குத்தான் தெரிந்தது. இரண்டு வருடமாக ஓட்டும் நேபாளப் பெண், அது காவல் நாயின் பெயர் என்று நினைத்திருந்தாளாம். மார்கரெட் கதிரையில் குந்திவிட்டார்.

என் வேலை போகவில்லை. இப்போது புதிதாக வருபவர்களுக்கு நான்தான் பகி ஓட்டக் காட்டுகிறேன். விளங்கியதா என்று யாரையும் கேட்பதில்லை. மதில் விளிம்புக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, “இது என்ன, சொல்லுங்கோ” என்று கேட்கிறேன்.