நடுவில் தேயாத சீட்

வந்தவர் எங்கே கிழிந்தது என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் வண்டிச் சீட்டைக் கவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டிருப்பாள். ஸ்டேப்பிள் பின்களை நெம்பி எடுத்து டப்பா மூடியில் போடுவாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பேச்சு. முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சீட்டின் தேய்மானத்தைப் பார்த்தே, "எடது பாக்கெட்லதான் பர்ஸ் வைப்பீங்க போல" என்பாள். வந்தவரின் கை தானாகப் பின்னால் போய்த் தடவிப் பார்க்கும்.

தெருவில் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். பைக், ஆட்டோ, வேன், எதன் சீட்டானாலும் பழைய உறையை உரித்து, ஸ்பாஞ்சு வெட்டி, புது ரெக்சின் தைத்து இழுத்துக் கட்டிக் கொடுப்பாள். வண்டிகளின் பெயர் அவளுக்குத் தெரியாது. "நடுவுல பள்ளம் விழுமே, அந்த வண்டியா?" என்றுதான் கேட்பாள். உலகத்தைப் பற்றி அவளுக்கு ஒரே கருத்து: "உக்கார்ற எடம் சரியா இருந்தா மத்ததெல்லாம் தானா சரியாயிரும்."

கடை நிறைய சீட்டுகள். உட்கார இருப்பது ஒரே ஸ்டூல், அதுவும் அவளுடையது. அதன் மெத்தையைத் தன் உடம்புக்கென்றே வெட்டித் தைத்திருக்கிறாள். வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. பக்கத்துக் கடையில் மெக்கானிக் வேலை பார்க்கும் அவள் தம்பி ஒருநாள் அசதியில் உட்கார்ந்துவிட்டான். "எந்திரிடா, வடிவு போயிரும்" என்று அளவுகோலால் தட்டி எழுப்பினாள். வாடிக்கையாளர்கள் வாசலில் கால் மாற்றி மாற்றி நிற்பார்கள்.

தெரு முடியும் இடத்தில் மலை இருக்கிறது. தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கினால் அதன் முதுகு தெரியும். மண் பாதையில் அதில் ஏறி இறங்குகிறவர்கள், நான்கு தடித்த சக்கரம் வைத்த குவாட் பைக்குகளின் சீட்டுகளை அவளிடம்தான் கொண்டுவருவார்கள். அந்தச் சீட்டுகளின் ஓரங்கள் தேய்ந்து நூல் விட்டிருக்கும். நடுப்பகுதி மட்டும் கடையிலிருந்து புதிதாக வந்த மாதிரி இருக்கும். "ஏறி எறங்கத் தெரியாதவனுங்க. உரசி உரசியே கிழிக்கிறானுங்க" என்று தம்பியிடம் சொல்லுவாள். சொல்லிக்கொண்டே தையல் இடுக்குகளில் மாட்டியிருக்கும் முள்விதைகளையும் காய்ந்த இலைத் துணுக்குகளையும் ஊசி முனையால் எடுத்து, காலியான நூல்கண்டுப் பெட்டியில் போட்டு மூடிவைப்பாள். எதற்கு என்று தம்பி கேட்டால், மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த சீட்டை இழுத்துக்கொள்வாள்.

சில சீட்டுகளின் அடியில் சிவப்பு மண் ஒட்டியிருக்கும். இந்தப் பக்கத்து மண் கறுப்பு. சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் என்றார் வந்தவர். அங்கே என்ன இருக்கு என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. பெரிய வெட்டவெளி. ஒரு ஏரி. அவ்வளவுதான்."

கையில் பையைச் சுழற்றிக்கொண்டே அவர் சொன்ன அந்த 'ஒண்ணுமில்ல' அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்தவர்களால்தான் அப்படிச் சொல்ல முடியும் என்று பட்டது. அவளுக்கு இடது முழங்காலில் அறுவை நடந்திருந்தது. மலை ஏறுகிற எண்ணத்தை விட்டுவிடும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். நின்றபடி செய்யச் சொன்ன பயிற்சிகளை அவள் செய்ததே இல்லை. உட்கார்ந்தே செய்கிற வேலைக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள்.

குவாட் பைக் வாங்கப் போவதாக அவள் சொன்னபோது தம்பி சிரித்தான். "மொதல்ல மாடிப்படி ஏறு. அப்புறம் மலைய பாத்துக்கலாம்." அவள் சிரிக்கவில்லை. ரெக்சினைக் கத்தரித்துக்கொண்டே, "அதுல உக்காந்துதானடா போகணும். உக்கார்றதுக்கு எனக்கு யாரு சொல்லித் தரணும்?" என்றாள். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, குவாட் பைக் விற்கும் கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

விற்பனைக்காரர் இன்ஜினைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவள் முஷ்டியால் சீட்டுகளைக் குத்திப் பார்த்துக்கொண்டு வந்தாள். தம்பிக்கு நடுத்தரமான ஒன்று பிடித்திருந்தது. எடை குறைவு, கியர் மாற்றும் வேலை இல்லை, நாலு சக்கரமும் இழுக்கும், இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், முதல் வண்டிக்கு இதுதான் சரி என்று விளக்கினான். அவள் அதன் சீட்டை ஒரு தட்டுத் தட்டினாள். "பலக மாதிரி இருக்கு. இதுல யாரு உக்கார்றது?" என்று நகர்ந்தாள்.

அவள் நின்றது எல்லாவற்றிலும் பெரிய வண்டியின் முன்னால். இரண்டு பேர் உட்காரும் அகலம், முதுகுக்குச் சாய்மானம், இரட்டைத் தையல். தையலின் மேல் விரலை ஓட்டினாள். "இத நிறுத்த தனியா ஒரு வீடு பிடிக்கணும்" என்றான் தம்பி. அவளுக்குக் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினாள். அந்த வெட்டவெளி வரைக்கும் போய்விட்டாள் என்றே தோன்றியது.

கடைக்குப் பின்னால் ஓட்டிப் பார்க்க ஒரு மண்மேடு வைத்திருந்தார்கள். சமதரையில் நன்றாகத்தான் போனாள். வலது கட்டைவிரலால் விசையை அமுக்கினால் வண்டி நகர்வது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. மேட்டில் பாதி ஏறியபோது, ஸ்டூலில் உட்காருவதுபோலவே நிமிர்ந்து பின்னால் சாய்ந்திருந்தாள். முன் சக்கரங்கள் மண்ணைவிட்டு எழும்பின. கூடவே நடந்துவந்த விற்பனைக்காரர் முன்கம்பியைப் பிடித்து அழுத்திக்கொண்டார்.

"மேட்டுல உக்காரக் கூடாதுக்கா. எந்திரிச்சு நின்னு, முட்டிய மடக்கி முன்னால சாயணும். இல்லன்னா மல்லாந்துரும்."

"எறக்கத்துல?"

"அப்பயும் பாதி எந்திரிச்ச மாதிரிதான். இடுப்ப பின்னால தள்ளணும்."

"அப்ப எப்பதான் உக்கார்றது?"

"வண்டிய நிறுத்திட்டு டீ குடிக்கிறப்ப."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். அவள் குனிந்து சீட்டின் ஓரத்தைப் பார்த்தாள். இரண்டு முழங்கால்களும் அணைத்துப் பிடிக்கும் இடம் அது. இத்தனை காலம் அந்த இடத்தைத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறாள். நடுவில் தேயாமல் வந்த சீட்டுகள் எல்லாம் அவள் மடியில் கிடந்துதான் போயிருக்கின்றன. ஒன்றையும் அவள் சரியாகப் படிக்கவில்லை.

மிதிபலகையில் அழுத்தி எழுந்து நின்று பார்த்தாள். இடது முழங்கால் நடுங்கியது. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். தம்பி சிரிப்பதை நிறுத்தியிருந்தான். கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

வெளியே வரும்போது அந்தப் பலகைச் சீட் வண்டியின் பக்கத்தில் நின்றாள். அதை ஒரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள். லேசாக அசைந்துகொடுத்தது.

"மழக்காலம் முடியிற வரைக்கும் இத யாருக்கும் குடுத்துறாதீங்க" என்றாள் விற்பனைக்காரரிடம். பெரிய வண்டியை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறு வாரம், வண்டிகளுக்கு முட்டுக் கொடுக்கும் மரக்கட்டைகளைக் காணோம் என்று தம்பி தேடிக்கொண்டிருந்தான். அவை அக்காளின் தையல் மேசைக்கு அடியில், நாலு காலுக்கும் ஒவ்வொன்றாக இருந்தன. மேசை அவள் இடுப்புக்கு மேல் உயர்ந்திருந்தது; இனி நின்றுதான் தைக்க முடியும். அவன் வேறு கட்டை தேடிப் போனான்.

அன்று மத்தியானம் ஒருவர் குவாட் பைக்கின் சீட்டோடு வந்து வழக்கம்போல் வாசலில் நின்றார். அவள் அதை மேசைமேல் கவிழ்த்தாள். சிவப்பு மண் கொஞ்சம் உதிர்ந்தது. அதைத் தட்டிவிடாமல் அப்படியே விட்டுவிட்டு, காலால் ஸ்டூலை வாசல் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க" என்றாள். பிறகு முழங்கால்களை லேசாக மடக்கி, இயந்திரத்தின் மேல் முன்னால் சாய்ந்தாள்.