அக்காவை உலுக்கிய ஆமென்

எங்கள் அக்கா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அன்று எங்களோடு நின்ற உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைக் கொடுக்கிறோம். அக்கா நல்லவர், பக்தியுள்ளவர் என்று எழுதி முடித்துவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அது அவருக்கே பிடிக்காது.

அக்கா பிறந்தது பெரிய காஞ்சிபுரத்தில். எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடு எங்களுடையது ஒன்றுதான். இரு பக்கமும் தறிச் சத்தம். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். பட்டுக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டியே மகளைப் படிக்கவைத்து ஆளாக்கினார். இத்தனைக்கும் நடுவில், எங்கள் சபையில் ஞாயிறுதோறும் நோயாளிகளுக்காக ஜெபித்தவர் அவர்தான். பெயர்கள் எல்லாம் மனப்பாடம், குரலோ கணீரென்று இருக்கும். அவர் ஜெபித்தால் கண் கலங்காதவர் இல்லை என்பார்கள். அதில் எங்கள் குடும்பத்துக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

செவிலிமேட்டு எஸ்தர் அம்மா நெடுநாள் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். அடக்கத்தின்போது பாட்டைத் தொடங்கிவைத்ததே அக்காதான். அதற்கடுத்த ஞாயிறு, வழக்கமான வரிசையில், "செவிலிமேட்டுச் சகோதரி எஸ்தருக்குப் பூரண சுகம் தாரும்" என்று ஜெபித்தார். சபை முழுவதும் "ஆமென்" என்றது. நானும் சொன்னேன். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் எஸ்தர் அம்மாவின் கணவர் வாசலில் நின்றிருந்தார். அவருக்குக் கோபம்கூட இல்லை.

"ஏம்மா, அவளுக்கு இன்னாத்துக்கு இன்னும் சுகம் கேட்டுக்கினு இருக்குற? நீயும்தானேமா மண்ணு போட்ட?"

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். வீட்டுக்கு வரும் வழியில், "விடுக்கா, வாய் தவறிப்போச்சு" என்றேன்.

"வாய் எங்கடா தவறுச்சு? அது பாட்டுக்கு ஒழுங்காத்தான் சொல்லிக்கினு இருந்துச்சு. நான்தான் அங்க இல்ல. எத்தினி வருஷமா இல்லையோ, தெரியலியே" என்றார்.

அன்று பிடித்த பதற்றம் கடைசிவரை அவரை விடவில்லை. கடையில் விடுமுறை கிடைத்த நாளெல்லாம் பஸ் பிடித்து, ஜெபத்தில் பெயர் சொல்லவேண்டிய ஒவ்வொருவரையும் போய்ப் பார்த்தார். பார்க்காதவர் பெயரைச் சொல்ல மாட்டார். பழைய சரளம் போய்விட்டது. திக்கினார், நடுவில் நின்றார். சபையில் முணுமுணுத்தார்கள். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. "போதும்கா, ஆண்டவருக்குத் தெரியாதா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"அவருக்குத் தெரியும்டா. எனக்குத் தெரியுதா?" என்றார்.

பிறகு புற்றுநோய் வந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிய அன்று மாலை, கட்டிலருகே முழங்கால்படியிட்டு ஜெபித்தேன். "மருத்துவர்களின் கரங்களை ஆசீர்வதியும்" என்று மடமடவென்று வந்தது. அக்கா என் தலையில் கைவைத்து நிறுத்தினார்.

"டாக்டருங்கதான் கைய விட்டுட்டாங்களேடா. உன் மனசுல இப்போ இன்னா இருக்குதோ, அத்த சொல்லு."

மறுபடியும் கண்களை மூடினேன். கடைசியில், "ஆண்டவரே, பயமா இருக்குது" என்றேன்.

"ஆமென்" என்றார் அக்கா. மூன்றாம் நாள் அமைதியாகக் கண்மூடினார்.

அந்த நாள்களில் எங்களுக்குச் சோறு பொங்கித் தந்த பக்கத்துத் தறிவீட்டாருக்கும், போதகர் ஐயாவுக்கும், தினமும் நேரில் வந்து அக்காவைப் பார்த்தபிறகே ஜெபித்த எஸ்தர் அம்மாவின் கணவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

அக்காவின் ஜெபப் பொறுப்பை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். போன ஞாயிறு நான் அருமையாக ஜெபித்ததாகப் பலர் கைகுலுக்கினார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். யார் யார் பெயரைச் சொன்னேன் என்று ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.