சித்தியின் கட்டைவிரல்

என் மேசை இழுப்பறையில் ஒரு சீட்டுக்கட்டு இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் பிசியோதெரபி பார்க்கும் அறைக்கு வருகிறவர்கள் அதைக் கண்டதும் ஒரு கணம் திகைப்பார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான். அந்தப் படிப்பில் நானாகக் கண்டுபிடித்த முதல் வைத்தியம் அது.

சித்தி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அறுந்த இழையைப் பிணைக்கும் வேலை பார்த்தாள். செட்டியார்பட்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்து வலது கட்டைவிரல் முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் விரல் மடங்கவில்லை. கை சரியாகாவிட்டால் பெருக்கும் வேலைதான் என்று மேற்பார்வையாளர் சொல்லி அனுப்பியிருந்தார். பயிற்சிக்கு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தேன். நான் என்ன நாய்க்குட்டியா என்று தூக்கிப் போட்டாள்.

அப்போது நான் கடைசி வருஷ மாணவி, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். ஒற்றைக் கையால் சீட்டுக்கட்டை வெட்டி மாற்றும் வித்தையை விடுதியில் ஒரு தோழியிடம் பழகியிருந்தேன். கட்டு உள்ளங்கையில் படாமல் விரல்நுனிகளில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் கட்டைவிரல், எதிர்ப்பக்கம் நடுவிரலும் மோதிரவிரலும். கட்டைவிரலைச் சற்றே தளர்த்தினால் கீழ்ப்பாதி உள்ளங்கையில் விழும். அதைச் சுட்டுவிரலால் நிமிர்த்தித் தள்ளினால் மேல்பாதி அடியில் இறங்கி, இரண்டும் மூடிக்கொள்ளும். பந்தைத் தொடாத சித்தி இதை விடவில்லை. மதியங்களில் பாயில் உட்கார்ந்து பழகினாள். ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் பாதி வழியில் நின்றுவிடும், சீட்டுகள் சிதறும். நிற்பது வலியாலா, வலிக்கும் என்ற பயத்தாலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் செய்தோம். எங்கள் தெருவில் சீட்டுக்கட்டு துஷ்டி வீட்டில் மட்டுமே வெளியே வரும். பிணம் எடுக்கும்வரை ஆண்கள் பந்தலில் உட்கார்ந்து ஆடுவார்கள். வீட்டில் சீட்டைப் பார்த்தால் அம்மா திட்டுவாள் என்று மட்டுமே நினைத்திருந்தேன். அப்பா லாரியில் வடக்கே போயிருந்தார்.

அன்று அம்மா சீக்கிரம் திரும்பிவிட்டாள். பாய் முழுக்கச் சீட்டுகள். சித்தி தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்திருக்கிறேன். வாசலிலேயே அம்மாவின் பை நழுவியது.

"யாருட்டி போனா? உங்கப்பாவா?"

நான் அவசரமாகச் சீட்டுகளை அள்ளினேன். அம்மா அப்படியே சரிந்தாள். தலை படியில் மோதும் முன் சித்தி பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

விஷயத்தைப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "உசுரோட இருக்க மனுசன ஒரு நிமிசத்துல கொன்னுட்டியளேட்டி" என்று அம்மா அழுதாள். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டு, சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள்.

தண்ணீர் கொடுக்கும்போதுதான் அம்மாவின் கையைப் பார்த்தேன். ஒரு பக்கம் நான்கு விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. மறுபக்கம், எல்லாவற்றையும்விட ஆழமாக, ஒரு கட்டைவிரல். இவ்வளவு படித்த நான் சொம்போடு அப்படியே நின்றுவிட்டேன்.

அடுத்த மாதம் சித்தி மில்லுக்குத் திரும்பினாள். இன்றும் இழை பிணைக்கிறாள். ஆனால் அன்று அவள் சிரிக்கக்கூட இல்லை. வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, கட்டைவிரலை மெல்ல மடக்கிப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது.

"ஏட்டி, இது என் கையா?"

அம்மா சிவந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "பொறவு யாரு கையாம்?"