தம்பியின் செய்திக்குக் காத்திருந்த மிலோவன் அங்கிள்

ஞாயிறு காலை தொலைபேசி அடித்ததும் என் மனைவி ராணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டதிலிருந்து எங்கள் வீட்டில் அது வழக்கம். அழைத்தவர் மேல்மாடி வேரா. அவருடைய தந்தையார் மிலோவன் நித்திரையிலேயே காலமாகிவிட்டார்.

"ஐயோ, நேற்றும் கோப்பி குடிக்க வந்த மனுசனல்லோ!" என்றார் ராணி. "தன்ரை தம்பியின்ரை கதி தெரியாமலே போயிட்டார்."

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் அபார்ட்மென்டில் பலருக்கு அவர் ஒரு வயதான வெள்ளைக்காரர், அவ்வளவுதான். சேர்பியாவில் உதைபந்தாட்டம் வேரூன்றிய காலத்தில் பெல்கிறேட் கழகமொன்றுக்கு இடது ஓரத்தில் ஆடியவர் அவர். நாட்டுக்காகவும் ஆடினார். அப்போதைய பந்து தோலால் தைத்து நாடா கட்டியது. மழையில் ஊறினால் கல்தான். அந்த நாடா கிழித்த தழும்பு அவர் நெற்றியில் இருந்தது. ஆட்டத்துக்கு முன் ஒரு கவளமும் இறங்காதாம். "பயமில்லாதவன் பந்துக்குப் பின்னாலை ஓடமாட்டான்" என்பார். அவருடைய உடைந்த ஆங்கிலத்தை எங்கள் தமிழில்தான் என்னால் எழுத முடிகிறது.

ஒருமுறை சரயேவோ அணிக்கெதிராகப் பெனால்டி அடிக்க வேண்டி வந்தது. எதிரே கோல் காப்பாளர், கூடப்பிறந்த தம்பி. பந்து கம்பத்துக்கு மேலால் போயிற்று. தம்பிக்காக விட்டுக்கொடுத்தான் என்று ஊரே திட்டியது. "வேணுமெண்டு விடேல்லை, கால் நடுங்கிப்போச்சு. தம்பியே நம்பேல்லை!" என்று சிரிப்பார்.

பிறகு உலகப்போர், சிறைமுகாம், ரொறன்ரோவில் தொழிற்சாலை வேலை. தம்பி சரயேவோவிலேயே தங்கிவிட்டார். இப்போது அவர்களுடைய நாடு உடைந்து மூண்ட சண்டையில் சேர்பியப் படைகள் அந்நகரை முற்றுகையிட, தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. அதோடு அவருடைய சிரிப்பும் போயிற்று. பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து, தொலைக்காட்சிச் செய்தியில் வரும் முகங்களைக் கண்ணாடியை உயர்த்தி உயர்த்தித் தேடுவார். "குண்டு போடுறதும் என்ரை ஆக்கள், உள்ளுக்கை கிடக்கிறதும் என்ரை ஆள்" என்றார் ஒருநாள். ஆளையாள் தேற்றத் தெரியாமல் கோப்பி குடித்தோம்.

அவர்களுடைய கிறிஸ்தவக் கோவிலில் உயிரோடிருப்பவர்களுக்கு மேல்தட்டிலும் இறந்தவர்களுக்குக் கீழ்த்தட்டிலும் மெழுகுதிரி ஏற்றுவார்கள். ஒருநாள் நான் காரில் கூட்டிப்போனபோது, தம்பிக்கென்று ஏற்றியதைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். மெழுகு விரலில் ஒழுகியது. "மேலை வைச்சால் பொய்யோ? கீழை வைச்சால் நானே அவனைக் கொல்லுறனோ?" என்று கேட்டார். பிறகு திரியை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

அடக்கம் முடிந்து சில நாட்களில் வேரா படியிறங்கி ஓடிவந்தார். ஊர்விட்டு ஊர் பேசக்கூடிய வானொலிக் கருவி வைத்திருக்கும் யாரோ ஒருவர் வழியாகச் சரயேவோவிலிருந்து சேதி. சித்தப்பா உயிரோடிருக்கிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணை சுகமோ?"

வேரா இன்னும் பதில் அனுப்பவில்லை. நேற்று அவரும் நானுமாகக் கோவிலுக்குப் போனோம். மேல்தட்டில் தம்பிக்கு ஒன்று ஏற்றினோம். கீழே குனிந்து உங்களுக்கு ஏற்றும்போதுதான், அங்கிள், எனக்கு அழுகை வந்தது.

தம்பி இருக்கிறார். இனிப் பயப்படாமல் போங்கள்.