மூடாமல் விட்ட ஒரு கமரா

என் கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது.

லாலேயைச் சிறைக்கு அனுப்பியது நான்தான்!

மொன்றியலில் நான் வேலை செய்யும் ஈரானியப் பேக்கரியின் முதலாளி ஷிரீன். அவருடைய தங்கைதான் லாலே. தெஹ்ரானிலிருந்து அக்காவைப் பார்க்க வந்திருந்தார். நூறு வருடங்களுக்கு முன்பே அங்கே பெண்கள் தாங்களாகப் பத்திரிகை நடத்தினார்களாம். கல்லெறி வாங்கியும் எழுதினார்களாம்... அவர்களைப் பற்றிக் கடையிலேயே ஒரு கூட்டம் வைத்தார்கள். லாலே முக்காடில்லாமல் நின்று வாசித்தார்.

அவர் திரும்பிப் போக வேண்டியவர். அதனால் யாரும் படம் எடுக்கக் கூடாது. வாசலில் நின்று எல்லோருடைய போன் கமராவிலும் ஸ்டிக்கர் ஒட்டும் வேலையை ஷிரீன் எனக்குத் தந்தார்.

"நீங்கள் வாயே திறக்காத ஆள். உங்களைத்தான் நம்பலாம்" என்று சிரித்தார்.

என் போனில் யாரும் ஒட்டவில்லை.

அன்று காலை என் மனைவி கேட்டிருந்தாள்: "படிச்ச ஆக்களின்ரை கூட்டத்திலை உங்களுக்கு என்னப்பா வேலை? கதிரை அடுக்கவோ?"

"ஓம்" என்றேன். ஆனால் அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. லாலே வாசிக்கும்போது ஒரு படம் எடுத்தேன். கடையின் பெயரும் எழுதி பேஸ்புக்கில் போட்டேன். நானும் ஒரு ஆள் என்று காட்டத்தான்... இங்கே நடந்த எங்கள் ஈழத்தமிழர் ஊர்வலங்களில், ஊரில் சொந்தம் உள்ளவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டு வந்ததை மறந்துபோனேனா? மறக்கவில்லையே!

மறுநாள் பயந்து அழித்தேன்.

லாலே தெஹ்ரானில் இறங்கியதும் பிடித்துவிட்டார்கள். விசாரணையில் ஒரு படத்தைக் காட்டினார்களாம். வாசல் பக்கத்திலிருந்து எடுத்த படம்.

வாசலருகே உட்கார்ந்திருந்தவர் மரியம், ஷிரீனின் நெடுநாள் தோழி. "ஸ்டிக்கரை உரிக்க எவ்வளவு நேரம்?" என்றார் ஷிரீன். நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

போன கிழமை மரியம் கடைக்கு வந்தார். அவரைக் கண்டதும் ஷிரீன் உள்ளே போய்விட்டார்.

"என் போனில் நீங்கள்தானே ஒட்டினீர்கள்? போகும்போது ஒட்டியபடியே இருந்ததை நீங்கள்தானே உரித்தீர்கள்? அவளிடம் சொல்லுங்களேன்" என்று மரியம் கெஞ்சினார்.

"சொல்கிறேன்" என்றேன். ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தேன்.

சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என் போனைப் பற்றி வரும்.

நான் ஒப்புக்கொண்டாலும் லாலேக்குக் கதவு திறக்காது. மரியத்துக்கு மட்டும் தோழி திரும்பக் கிடைப்பார். அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை... நான் என்ன மனிதன்?

தமிழைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாது, அதனால்தான் தமிழில் எழுதுகிறேன் என்று உங்களிடம் சொல்லலாம். பொய்யில்லை. ஆனால் ஷிரீனுக்கும் மரியத்துக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.

2024 கார்த்திகை (நவம்பர்) 17, ஞாயிற்றுக்கிழமை.